அந்தப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்

அக்கா, தர்மபுரி விடுதியில் சேர்த்த ஆறாம் வகுப்பு மகள் இரவில் அழுகிறாள், எந்நேரமும் கதைப்புத்தகமும் கையுமாக இருக்கிறாள், படிப்பு கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். கெடாது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-இல் நானும் தேன்கனிக்கோட்டையிலிருந்து தர்மபுரி விடுதிக்கு வந்து அழுத பிள்ளைதான். விளக்கணைத்ததும் வீட்டுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் நினைவுக்கு வரும், தொண்டை அடைக்கும். ஒரு நோட்டில் அம்மாவுக்கு எழுத ஆரம்பித்தேன்: இன்று மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டினார்கள், பனி இறங்கியதா என்று. பக்கம் நனைந்துவிடும், ஆனால் தூக்கம் வந்துவிடும்.

அடுத்த முறை போகும்போது முறுக்கோடு ஒரு கோடு போட்ட நோட்டும் கொடுங்கள். அப்புறம், அவளாகக் காட்டாமல் அதைத் திறக்காதீர்கள். சாப்பாட்டையே ஒதுக்கினால் மட்டும் உடனே வார்டனிடம் பேசுங்கள்.