மருந்து தரவில்லை, யாரிடம் காட்டுவது?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதித்தபோது வெள்ளை அணு 26,000 என்று வந்தது. பிறகு சி.எல்.எல். என்ற மெதுவாக வளரும் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து தராமல், மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். யாரிடம் காட்டுவது?
— வாசகி, டிக்கோயா

பதில்: நீங்கள் தேட வேண்டியவர் ஹீமட்டோலஜிஸ்ட், அதாவது குருதியியல் நிபுணர். கட்டிப் புற்றுநோய்களையே அதிகம் பார்க்கும் வைத்தியரிடம் போய்ச் சுற்ற வேண்டாம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஓடும் அவசரமும் இப்போது இல்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் கடிதம் வாங்கிக்கொண்டு கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ போங்கள். மாதக்கணக்கில் தொடரப்போகும் கிளினிக், ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருப்பதே நல்லது.

முதலில் கேட்க வேண்டியது, ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதாவது இரத்த அணுக்களின் வகையைக் கண்டறியும் சோதனை, செய்தார்களா என்பது. நோயை உறுதி செய்வது அந்தச் சோதனைதான். நுண்ணோக்கியில் இரத்த அணுக்களைப் பார்க்கும் பிளட் பிக்சர் மட்டும் போதாது. அதற்கு இரத்தம் புதிதாக இருக்க வேண்டும், அதனால் சோதனை செய்யும் இடத்திலேயே கொடுங்கள். எலும்பு மச்சைச் சோதனை ஆரம்பத்தில் பெரும்பாலும் தேவைப்படாது.

பழைய ரிப்போட் எதையும் எறியாதீர்கள். ஒரே எண்ணிக்கையை ஓர் ஆய்வுகூடம் ஆயிரத்தில் கணக்கிட்டு 26 என்றும் இன்னொன்று 26,000 என்றும் அச்சடிக்கும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. வீதத்தையும் தனியாகப் பார்க்காதீர்கள். 26,000இல் லிம்போசைட் (இந்த நோயில் பெருகும் வெள்ளை அணு வகை) 72 வீதம் என்றால் 18,720. இந்த எண்ணைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். நிபுணர் பார்ப்பது அது ஏறும் வேகத்தை. பிரெட்னிசொலோன் குளிசை போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது எண்ணிக்கையைத் தற்காலிகமாக ஏற்றிவிடும்.

மருந்து தராததை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். தொந்தரவு இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கினால் ஆயுள் கூடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை, பக்கவிளைவுதான் மிச்சம். நோயால் ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனாலோ, பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ, ஆறு மாதத்தில் எடை பத்து வீதம் குறைந்தாலோ, இரவில் உடுப்பு நனைய வியர்ப்பது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ மருந்து பற்றிப் பேசுவார்கள். ஆனால் நம் பக்கம் இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம். ஹீமோகுளோபின் இறங்கியதும் நோய்மீது பழி போடாமல், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து தொடங்கும் கட்டத்தில் புற்றணுக்களில் 17பி, டிபி53 (17p, TP53) என்ற மரபணு மாற்றங்கள் உண்டா என்று பார்க்கும் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பது அதைப் பொறுத்தது.

இரண்டாவது கருத்து வேண்டுமானால் ஒரு ஹீமட்டோலஜிஸ்டை ஒரு தடவை சனல் பண்ணி, அதாவது தனியாரில் கட்டணம் கட்டிப் பாருங்கள், பிறகு அரசாங்கக் கிளினிக்கிலேயே தொடருங்கள். இடையில் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.