விழுந்து மூன்று வாரம், பிரேக் பிடித்தால் வலி: மறுபடி ஓட்டலாமா?

வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டாதீர்கள். மணிமுத்தாறு பக்கம் உடைமரக் காட்டுச் சரிவில் கையூன்றி விழுந்திருக்கிறீர்கள். மூன்று வாரமாகியும் பெருவிரலின் அடியில் வலிக்கிறது. விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரே சரியாக இருந்தது என்பதை மட்டும் நம்ப முடியாது.

என் சந்தேகம் ஸ்கேபாய்டு எலும்பில் விரிசல். மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் முந்திரிப்பருப்பு வடிவில் இருக்கும் சிறு எலும்பு அது. முதல் நாள் படத்தில் அதன் விரிசல் தெரியாமல் போவது உண்டு. அதனால்தான் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள், தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும்.

பெருவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். அதன் அடியில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அதில் மெல்ல அழுத்துங்கள். மற்றக் கையிலும் அழுத்தி ஒப்பிடுங்கள். அடிபட்ட பக்கம் மட்டும் சுள்ளென்றால் நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள். அதுவரை கையை அசைக்காமல் கட்டி வையுங்கள்.

வலிக்காவிட்டாலும் விரிசல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விரிசலைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து: இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. முறிந்தால் மறுபாதி ரத்தமில்லாமல் பட்டுப்போகலாம்.

சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ மட்டும் விடாதீர்கள். நான் விட்டேன், கடைசியில் ஸ்க்ரூ வைத்தார்கள்.

ஹெல்மெட் தரையில் அடித்திருந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.