மறுமொழி: மருந்து தெளித்தும் தையல் கூடத்தில் கொரோனா பரவுகிறது

கிருமிநாசினி தெளிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறங்கள். 40 மிஷின் உள்ள கூடத்தில் தினம் இரண்டு முறை மருந்து அடித்தும் நிற்கவில்லை என்கிறீர்கள். இது பெரும்பாலும் மேசையிலிருந்து வருவதில்லை, காற்றில் வருவது. கட்டடத்துக்குள் இப்படித் தெளிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மே மாதம் சொல்லிவிட்டது.

எனக்குச் சந்தேகம் சாப்பாட்டு அறை மேல்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றி, எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இடம் அது. மூன்று பந்தியாகப் பிரியுங்கள். முடிந்தால் மொட்டைமாடியில் பந்தல் போட்டு உட்கார வையுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் முன்னால் ஒரு முழ நூலைத் தொங்கவிடுங்கள். ஃபேனை நோக்கி இழுபட்டால் சரி. சும்மா தொங்கினால் இறக்கையில் பஞ்சு அடைந்திருக்கும். கரண்டை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். ஊதுபத்திப் புகையில் பார்க்கச் சொல்வார்கள். பஞ்சு பறக்கும் இடத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம்.

காய்ச்சல் வந்தவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் லீவு போட்டால் கூலி போகும் என்றால், காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்கு மருத்துவச் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. சந்தா கட்டிய நாட்கள் குறைவாக உள்ள புதியவர்களுக்கு அது வராது. அவர்களுக்கு முதலாளிதான் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்கிக் கொடுங்கள்.