தொடைச் சவ்வு தோளைத் தாங்குமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அம்மாவுக்கு 56 வயது. எட்டு மாதம் முன்பு மழையில் தேயிலைச் சரிவில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். எண்ணெய் தடவியே நாளைக் கடத்திவிட்டோம். இப்போது தலைகூட வார முடியவில்லை. தோள் ஜவ்வு முழுசாகக் கிழிந்து உள்ளே போய்விட்டதாம், தொடையிலிருந்து சதை எடுத்து வைக்க வேண்டுமாம். மறுபடி கொழுந்து பறிப்பாரா?"

எடுப்பது சதை இல்லைம்மா. தொடையின் வெளிப்பக்கத் தசைகளைப் போர்த்தியிருக்கும் கெட்டியான வெள்ளைச் சவ்வில் ஒரு பட்டை, அவ்வளவுதான். தொடையில் கொஞ்ச நாள் வலி இருக்கும், தழும்பு நிற்கும்.

கிழிந்ததையே இழுத்துத் தைத்தால் என்ன என்று தோன்றும். மாதக்கணக்கில் அறுந்து கிடந்தால் தசை சுருங்கி அதற்குள் கொழுப்பு படிந்துவிடும், அப்புறம் தைத்தாலும் பிய்த்துக்கொள்ளும். தோள் என்பது ஆழமில்லாத தட்டில் உட்கார்ந்த பந்து. சுற்றியுள்ள நான்கு தசைநார்கள்தான் அதை இடத்தில் பிடித்து வைக்கின்றன. மேல்பிடி அறுந்துவிட்டால், அம்மா கையைத் தூக்கப் பார்க்கும்போது பந்து மேலே ஏறி தோளின் உச்சி எலும்பில் முட்டுகிறது, அதனால்தான் தோளைக் குலுக்கியோ மறுகையால் தாங்கியோ தூக்குகிறார். ஜப்பானிய மருத்துவர் மிஹாட்டா 2013இல் முடிவுகளை வெளியிட்ட முறையில், தொடைச் சவ்வை 6 முதல் 8 மில்லிமீட்டர் கனத்துக்கு மடித்து, ஒரு முனையைத் தட்டின் மேல்விளிம்பிலும் மறுமுனையைப் பந்தாக இருக்கும் கை எலும்பின் தலையிலும், எலும்பில் பதிக்கும் சிறு ஆங்கர்களால் பிணைக்கிறார்கள். பந்து மேலே ஏறாமல் அது தடுக்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், அது புதுத் தசை கிடையாது. பந்தைப் பிடித்துக்கொள்ளும், கையைத் தூக்குவது தோளின் டெல்டாய்டு தசைதான். அந்தத் தசையும் முன்பக்கத் தசைநாரும் நன்றாக இருந்து, மூட்டும் தேயாமல் இருந்தால்தான் இது பலன் தரும். மூட்டு தேய்ந்திருந்தால் பந்தையும் தட்டையும் இடம் மாற்றிச் செயற்கை மூட்டு பொருத்தும் ரிவர்ஸ் தோள் மூட்டு மாற்று பற்றிப் பேச வேண்டும், ஆகவே எம்ஆர்ஐயோடு சாதாரண எக்ஸ்ரேயும் கொண்டுபோங்கள். அம்மாவைப் படுக்க வைத்து நீங்களே மெதுவாகக் கையைத் தூக்கிப் பாருங்கள். பாதியில் இறுகி நின்றால் முதலில் பயிற்சியால் தளர்த்த வேண்டும். டெல்டாய்டுக்கான பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தே கை தூக்கியவர்களும் உண்டு, அதைச் செய்து பார்க்காமல் கத்தி வைக்க வேண்டாம். எண்ணெய் போட்டு இழுத்து விடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் ஆறு வாரம் கைத்தொட்டில். கொழுந்து பறிக்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகலாம், மூட்டை தூக்குவதை மறந்துவிடச் சொல்வேன். சர்க்கரை இருந்தால் முன்பே கட்டுக்குள் வரட்டும். தேதி வாங்குவதற்கு முன், வாரம் இரண்டு முறை மலை இறங்காமல் போய்வர ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள்.