அண்ணாச்சிகிட்ட கேளுங்க: சுவத்துல எழுதினா நியாயம் வந்துருமா?

இந்த மாசம் வந்த கடுதாசில ஆறு ஒரே விஷயத்தைச் சுத்தி வந்திருக்கு, சுவத்துல படம் வரையறதைப் பத்தி. பேசி வச்சு எழுதுனாங்களா என்னன்னு தெரியல. முட்டுவலிக்காரங்களும் பட்டா கேள்விக்காரங்களும் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கிடுங்க, கோவிச்சுக்கிடாதீங்க.

அண்ணாச்சி, அமெரிக்காவுல 'கறுப்பர் உயிரும் உயிர்தான்'னு ரோட்டுலயே மஞ்சப் பெயின்ட்ல பெருசா எழுதியிருந்தாங்கல்லா, அதை 2025-ல பேத்து எடுத்துட்டாங்களாமே. அப்போ வரைஞ்சதெல்லாம் வீண்தானா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

வீணில்ல தாயி. ஆனா எழுதினப்போ எல்லாரும் கொண்டாடுன அளவுக்கு அது பெருசுன்னும் நான் சொல்ல மாட்டேன். 2020 மே 25, மினியாபொலிஸ்ங்குற ஊருல ஜார்ஜ் ஃப்ளாய்டுன்னு ஒரு கறுப்பினத்து மனுசனை ஒரு போலீஸ்காரர் தரையில கிடத்தி கழுத்துல முட்டுக்காலை வச்சு ஒம்பது நிமிஷத்துக்கு மேல அமுக்கிக் கொன்னாரு, பக்கத்துல நின்ன ஒரு பிள்ளை செல்போன்ல எடுத்த வீடியோவை உலகமே பாத்துச்சு. சில நாள்லயே அந்த முக்குல இருந்த கடைச் சுவத்துல உள்ளூர் ஓவியருங்க சேந்து அவரு படத்தை வரைஞ்சுட்டாங்க, பின்னால ஒரு பெரிய சூரியகாந்திப் பூ, அந்தப் பூவுக்குள்ள இதுக்கு முன்னால இதே மாதிரி செத்துப்போன கறுப்பின மக்களோட பேரு. அந்தப் படத்துக்கு எதுக்க சனங்க பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டாந்து வச்சு வச்சு அந்த முக்கே ஒரு கோயில் மாதிரி ஆகிப்போச்சு.

நீ கேக்குத மஞ்ச எழுத்து வேற, அது ஜூன் 5-ம் தேதி வாஷிங்டன்ல, வெள்ளை மாளிகைக்கு நேரா போற 16-வது தெருவுல, மேயர் மியூரியல் பவுசர் சொல்லி எழுதுனது. ஒரு எழுத்து சுமார் 35 அடி, மூணு மாடி வீட்டைச் சாய்ச்சுப் படுக்கப்போட்ட மாதிரி. இங்கிலீஷ்ல மொத்தம் பதினாறு எழுத்து, பதினாறாவது தெருவுல பதினாறு எழுத்து, இதை எண்ணிப் பாத்துட்டு எனக்கே சிரிப்பு வந்துட்டு. ஆனா மறுநாளே என்ன ஆச்சுன்னா அங்க போராடிட்டு இருந்த பிள்ளைங்களே வந்து பக்கத்துல இன்னொரு வரி எழுதுனாங்க, 'போலீஸுக்குக் குடுக்குற பணத்தை நிறுத்து'ன்னு. ஒரு பக்கம் போலீஸுக்கு பட்ஜெட்ல கூட ஒதுக்கிட்டு இன்னொரு பக்கம் ரோட்டுல எழுதினா அது கண்துடைப்புதானேன்னு அவங்க கேள்வி. நியாயமான கேள்வி.

2025 மார்ச்சுல அங்கத்த நாடாளுமன்றத்துல ஒருத்தரு மசோதா கொண்டுவந்தாரு, எழுத்தை அழிக்கலன்னா ஊருக்கு வாற ரோட்டுப் பணத்தை நிறுத்திருவோம்னு. அதே மேயரே சரி எடுத்துருதோம்னுட்டாங்க, ஜாக்ஹாமர் வந்துட்டு. உடைஞ்ச தார்க்கட்டியை ஞாபகத்துக்குன்னு சிலபேரு கையோட எடுத்துட்டுப் போனாங்க. மேயர் எழுதுனா மேயர்தான் அழிக்கணும், இதுல அழ என்ன இருக்கு?

இதுக்கும் பழைய கதை ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்குப் பிடிச்சது. 1967-ல சிகாகோ தெக்குப் பக்கம், கறுப்பினத்து மக்கள் இருக்குற ஏரியாவுல, இடிஞ்சு விழுற மாதிரி இருந்த ஒரு கட்டடத்துச் சுவத்துல பத்துப் பன்னெண்டு ஓவியருங்க சேந்து அவங்க சனத்துல பெரிய ஆளுங்க முகத்தையெல்லாம் வரைஞ்சாங்க, குத்துச்சண்டை முகமது அலி, பாட்டுக்காரி நீனா சிமோன், உரிமைக்குப் போராடுன மால்கம் எக்ஸ்னு. 'மரியாதைச் சுவர்'னு பேரு. சர்க்கார் ஆர்டர் கிடையாது. தெருக்காரங்க நின்னு பாத்தாங்க, அங்கனயே கவிதை படிச்சாங்க, மேளம் அடிச்சாங்க. அதைப் பாத்துட்டு வேற வேற ஊருலயும் கிளம்பிட்டாங்க. 1971-ல கட்டடம் தீப்பிடிச்சு அப்புறம் இடிச்சாச்சு, நாலு வருஷந்தான் இருந்துச்சு, அதுக்குள்ள அது வந்த சோலியை முடிச்சுட்டு.

இன்னொண்ணும் சொல்லிருதேன். இங்கிலாந்துல மான்செஸ்டர்ல மார்கஸ் ராஷ்ஃபோர்டுன்னு கால்பந்து ஆடுத பையன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மதியச் சாப்பாட்டுக்காக அரசாங்கத்தோட மல்லுக்கட்டுனவன், அவன் படத்தை 2020-ல ஒரு காபிக்கடைச் சுவத்துல வரைஞ்சிருந்தாங்க. 2021 ஜூலை 11 யூரோ கோப்பை இறுதி ஆட்டத்துல பெனால்டியை விட்டுட்டான், அவன்கூட இன்னும் ரெண்டு கறுப்பினத்துப் பையனுங்களும் விட்டுட்டாங்க, நெட்ல மூணு பேரையும் குரங்குன்னு திட்டித் தீத்தானுங்க. அன்னைக்கு ராத்திரியே படத்து மேல எவனோ கிறுக்கிட்டான். கிறுக்கினதுல இனவெறி இல்லன்னு போலீஸ் பொறவு சொல்லிச்சு, அது கிடக்கட்டும். விடிஞ்சதும் அந்தக் கிறுக்கல் மேல யாரோ ஒரு கறுப்புக் கவரை ஒட்டி மறைச்சாங்க, அடுத்து பேப்பர்ல வெட்டுன இதயம் ஒண்ணு, அடுத்து ஒரு சின்னப்பிள்ளை எழுதுன கடுதாசி, பிறகு ஒண்ணு மேல ஒண்ணு, ரெண்டு நாள்ல சுவரே தெரியல. வரைஞ்ச ஓவியர் வந்து அழிஞ்சதைச் சரி பண்ணுனாரு. நீ வீணான்னு கேட்டதுக்கு எங்கிட்ட இருக்க பதில் இதான் தாயி, வாஷிங்டன் கதையை நான் பெருசா எடுத்துக்கிடல.

வெள்ளக்காரனும் கறுப்பினத்தவரும் அடிச்சுக்கிடுறதுக்கு நம்ம திருநெல்வேலிக்காரன் ஏன் அண்ணாச்சி மண்டையை உடைக்கணும்?
— ஆட்டோ ஓட்டுநர், வள்ளியூர்

ஏம்வே, அம்பேத்கரே 1946-ல அமெரிக்காவுல டு பாய்ஸ்ங்குற கறுப்பினத்து அறிஞருக்குக் கடுதாசி போட்டிருக்காரு, உங்க நிலைமையும் எங்க நிலைமையும் ரொம்ப ஒத்துப்போகுதுன்னு, அவரும் பதில் போட்டிருக்காரு. அவங்க ரெண்டு பேரும் உடைக்காத மண்டையா நம்ம மண்டை. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல, தோல் நிறத்தைப் பாத்த உடனே தெரியும், ஜாதி அப்படித் தெரியாது, அதனாலதானே நம்ம பயலுவ கையில கலர் கயிறு கட்டிக் காமிக்கானுவ.

எங்க பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவத்துல சமத்துவம் பத்தி பிள்ளைங்களை வச்சுப் படம் வரையலாம்னு இருக்கோம். நாங்குநேரி சம்பவத்துக்கு அப்புறம் ஏதாவது செய்யணும்னு மனசு கிடந்து அடிக்குது. என்ன வரையலாம், எப்படி ஆரம்பிக்கலாம்?
— ஆசிரியை, களக்காடு பக்கம்

டீச்சரம்மா, உங்க கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். 2023 ஆகஸ்ட்ல கூடப் படிக்க பயலுவளே ஒரு பிள்ளையையும் தடுக்க வந்த அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து அரிவாளால வெட்டுன விஷயம், நாம யாரும் மறக்கல. அதுக்குப் பிறகு நீதியரசர் சந்துரு கமிட்டி போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு, கலர் கயிறு, மோதிரம், நெத்திப் பொட்டு இதெல்லாம் பள்ளிக்கூடத்துல கூடாதுன்னு அதுல இருக்கு.

மொதல்ல என் கதையைக் கேளுங்க. எனக்குப் பதினாறு வயசு இருக்கும், பெரிய லீவுல சுவர் எழுதுற ஒருத்தருக்குக் கையாளா போனேன், வாளி தூக்க, நூல் பிடிக்க. ஒரு ஊரு, பேரு வேண்டாம், பள்ளிக்கூடச் சுவத்துல நம்ம பாடப்புத்தகத்து மொதல் பக்கத்துல வருமே, 'தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்', அதை எழுதணும். நீலப்பொடியில நூலை முக்கி இழுத்துப் பிடிச்சு நடுவுல சுண்டி விட்டா சுவத்துல நேர்கோடு விழும் பாருங்க, அப்படி நாலு கோடு அடிச்சு, தட்டைப் பிரஷ்ஷைச் சாய்ச்சு ஒரே இழுப்புல அவரு 'தீ' போடுத அழகைப் பாக்கணும், ஸ்கேல் வச்சாலும் வராது. 'பெருங்' வரைக்கும் வந்தாச்சு, டீ குடிக்கலாம்னு எதுத்த கடைக்குப் போனோம். எனக்குக் கடை கிளாஸ்ல டீ வந்துச்சு. அவரு யாருங்கறது கடைக்காரருக்குத் தெரியும், தாவாரத்து ஓலையில சொருவி வச்சிருந்த ஒரு கிளாஸை அவரே எடுத்து நீட்டுனாரு, கைபடாம ஊத்துனாங்க, குடிச்சாரு, கழுவுனாரு, திரும்ப அங்கனயே சொருவுனாரு, வந்து 'குற்றம்'னு எழுதி முடிச்சாரு. நான் ஒண்ணுமே சொல்லல. இப்போ வரைக்கும் அந்த நீலப்பொடி வாசம் வந்தா எனக்கு டீ இறங்காது.

அதனால வாசகம் எழுதாதீங்க. 'சமத்துவம் ஓங்குக' வேண்டாம், ரெண்டு கை குலுக்குற படம், புறா, உலக உருண்டையைச் சுத்திக் கைகோத்த பிள்ளைங்க, இதெல்லாம் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் சுவத்துல கூட வந்தாச்சு, ஒருத்தனும் நின்னு பாக்க மாட்டான். பிள்ளைங்ககிட்ட கேளுங்க, உங்க வீட்டுல யாரு முகம் சுவத்துல வரணும்னு. ஒருத்தன் பீடி சுத்துற அம்மாவைச் சொல்லுவான், ஒருத்தி செங்கச்சூளைக்குப் போற ஆச்சியைச் சொல்லுவா. எல்லாத் தெருவுலயும் இருந்து வரட்டும், பக்கத்துல பக்கத்துல வரட்டும். எந்த முகத்துக்குப் பக்கத்துல எந்த முகம்னு முடிவு பண்ணும்போது சண்டை வரும் பாருங்க, அந்தச் சண்டையை உக்காந்து பேசித் தீக்கறதுதான் உங்க வேலையில முக்கால்வாசி.

வழி ஒண்ணு சொல்லுதேன். ஃபிலடெல்ஃபியாங்குற ஊருல 1984-ல சுவத்துல கிறுக்கிட்டுத் திரிஞ்ச பயலுவளைப் பிடிச்சு ஜேன் கோல்டன்ங்குற அம்மா பிரஷ்ஷைக் குடுத்து ஆரம்பிச்ச வேலை, இப்போ ஆயிரக்கணக்குல படம் ஆகிட்டு. அங்க பல படத்தை நேரா சுவத்துல வரையறது கிடையாது. நூல் வச்சு நெய்யாத, பேப்பர் மாதிரி மெல்லிசான ஒரு துணி, அதை அஞ்சடிக்கு அஞ்சடி துண்டா வெட்டி, படத்தைக் கட்டம் போட்டுப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுலயும் கோடு போட்டு எந்த இடத்துல எந்தக் கலர்னு நம்பர் குறிச்சிருவாங்க. துண்டு மேசைக்குப் போயிரும், பள்ளிக்கூடத்துக்குப் போகும், ஜெயிலுக்குக் கூடப் போகும், பெயின்ட் பிடிக்கத் தெரியாதவன் கூட நம்பரைப் பாத்து அடிப்பான். கடைசியில எல்லாத்தையும் சுவத்துல பசை போட்டு ஒட்டிட்டா எந்தத் துண்டு யாரு அடிச்சதுன்னே தெரியாது. சாரம் கட்டி ஏற வேண்டாம், பெத்தவங்க பயப்பட வேண்டாம், முக்கியமா ஒரு தெருப் பிள்ளை அடிச்ச கன்னத்துக்கு இன்னொரு தெருப் பிள்ளை காது அடிக்கும்.

கலர் விஷயத்துல மட்டும் சூதானமா இருங்க. வேற ஊருல மஞ்சள்னா மஞ்சள், பச்சைன்னா பச்சை. நம்ம பக்கம் ரெண்டு கலரைச் சேத்து அடிச்சா மூணாவது ஆளு அதுல ஜாதியைப் படிச்சிருவான். கரண்டுக் கம்பத்துல, தண்ணித் தொட்டியில, பஸ் நிழக்கொடையில எல்லாம் பட்டை அடிச்சு வச்சிருக்கானுவ, அதிகாரிங்க அழிக்காங்க, திரும்ப வருது. அதனால பெயின்ட் வாங்கறதுக்கு முன்னாடி கலர் அட்டையை எல்லாத் தெருப் பிள்ளைங்க கையிலயும் குடுத்து 'இதுல ஏதும் அர்த்தம் இருக்கால?'ன்னு கேட்டிருங்க. உங்களுக்குத் தெரியாததெல்லாம் ஆறாங்கிளாஸ் பையனுக்குத் தெரிஞ்சிருக்கும், அதைக் கேக்கும்போது வயிறு கலங்கும், பரவால்ல.

நம்ம ஜில்லாவுல பழைய சுவர் ஓவியம் எங்கயாச்சும் இருக்கா அண்ணாச்சி?
— குடும்பத்தலைவி, அம்பாசமுத்திரம்

உங்க ஊருக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு எங்கிட்ட கேக்கீங்களேம்மா. திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ள அஞ்சு நிலைக்கும் படம் இருக்கு, மரச்சிற்பமும் உண்டு, பல நூறு வருஷத்துப் படம். கப்பல்ல குதிரை வந்து இறங்குற படத்தைத் தேடிப் பாருங்க, தாடியும் தலைப்பாகையுமா அரபு யாவாரிங்க நிப்பாங்க. அடுத்த நாட்டு ஆளுங்களைக் கோயில் கோபுரத்துக்குள்ளயே வரைஞ்சு வச்சிருக்காங்க. படிக்கட்டு குறுகல், முட்டுவலி இருந்தா ஏறாதீங்க.

1999-ல தாமிரபரணியில செத்த 17 மாஞ்சோலைக்காரங்களுக்குச் சுவத்துல ஒரு படம் வரையக் கூடாதா?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி ஜங்ஷன்

வரையலாம். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்துக் கூலி கேட்டு ஊர்வலமா வந்தவங்க, போலீஸ் தடியடியில ஆத்துக்குள்ள விழுந்து செத்தாங்க, ஒண்ணரை ரெண்டு வயசுக் குழந்தையும் அதுல உண்டு. ஜூலை 23 ஆச்சுன்னா வருஷா வருஷம் கொக்கிரகுளத்து ஆத்துல பூப்போட சனம் வருது பாத்திருப்பீங்க. அந்தக் குடும்பத்து ஆளுங்ககிட்ட மொதல்ல கேளுங்க, முகத்தைச் சுவத்துல பாக்க அவங்களுக்குச் சம்மதமான்னு. அவங்க வேண்டாம்னா வேண்டாம்.

நான் முப்பது வருஷமா சுவர் எழுதுதேன். ஃபிளெக்ஸ் வந்து பாதிப் பொழப்பு போச்சு. இப்போ காலேஜ் பிள்ளைங்க 'மியூரல்'னு சொல்லிட்டு ஓசிக்கு வரைஞ்சு குடுத்துட்டுப் போயிருதாங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதுல என்ன இருக்கு?
— சுவர் ஓவியர், தென்காசி

உங்க கோவத்துல தப்பே இல்ல தம்பி. நியாயத்துக்காக வரையுதோம்னு சொல்லுற படத்துலயே வேலை செஞ்சவனுக்குக் கூலி இல்லன்னா அது என்ன நியாயம்? அந்தப் பிள்ளைங்களுக்கு ஆர்வம் இருக்கு, சுவரைத் தெரியாது. ஓதம் அடிக்கிற சுவத்துல பட்டியும் பாக்காம பிரைமரும் போடாம நேரா எமல்ஷனை அப்பிட்டுப் போயிருதாங்க, அடுத்த கார்த்திகைக்கு உப்புப் பூத்து அம்பேத்கர் கன்னம் பொரிஞ்சு நிக்கும். அதைப் பாக்கவே மனசு வரல.

அனுமதி விஷயமும் பாத்துக்கிடுங்க, பொது இடத்தை அலங்கோலப்படுத்தறதைத் தடுக்க 1959-லயே சட்டம் இருக்கு, கட்சிக்காரங்க 'ரிசர்வ்டு'ன்னு எழுதி அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சுவத்தைப் பிடிச்சு வைக்கறது வேற விஷயம், அவங்களை யாரும் கேக்கறதில்ல, உங்களைக் கேப்பாங்க. தனியார் சுவருன்னா சொந்தக்காரர்கிட்ட பேப்பர்ல எழுதி வாங்குங்க, பள்ளிக்கூடம்னா தலைமையாசிரியர் கையெழுத்து.

மேல எழுதியிருக்காங்களே களக்காட்டுப் பக்கத்து டீச்சரம்மா, அவங்களுக்குச் சுவரைப் பாத்துச் சொல்ல, கட்டம் பிரிக்க, நூலடிக்கத் தெரிஞ்ச ஆளு கண்டிப்பா வேணும். நீங்க சரின்னு சொன்னா உங்க கடுதாசியை ஆபீஸ்ல இருந்து அவங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுதேன். கூலியை மொதல்லயே பேசிருங்க, பிள்ளைங்க வேலைன்னு குறைச்சுக் கேட்டா ஒத்துக்கிடாதீங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஐப்பசி மழைக்கு முந்தி சுவர் காஞ்சு இருக்கணும், அதனால பதிலைச் சீக்கிரம் போடுங்க.