ஜோசப் டி மேஸ்திரை இன்றும் படிக்க வேண்டுமா?

எதிர்ப்புரட்சிச் சிந்தனையாளர் என்றால், பிரெஞ்சுப் புரட்சி இடித்த மன்னராட்சி, திருச்சபை, மரபு ஆகியவற்றுக்காக வாதாடியவர். அவர்களில் கூர்மையானவர் சவோய் நாட்டு டி மேஸ்திர் (1753–1821). 1792-இல் பிரெஞ்சுப் படை நுழைந்ததும் ஊரைவிட்டு வெளியேறியவர்.

அவருடைய அடிப்படை வாதம் இது: அரசியலமைப்பை மேசையில் உட்கார்ந்து எழுதி உண்டாக்க முடியாது. ஒற்றையடிப் பாதையை யாரும் வரைந்து போடுவதில்லை. தலைமுறைகள் நடந்து நடந்து அது உருவாகிறது. நாட்டின் அமைப்பும் அப்படித்தான் என்றார். 1791, 1793, 1795 என்று பிரான்ஸ் ஐந்தே ஆண்டுகளில் மூன்று அரசியலமைப்புகளை எழுதியதைப் பார்த்தால், அவர் கண்டதில் உண்மை இருந்தது என்றே சொல்வேன்.

ஆனால் அதற்கு அவர் கண்ட மருந்தை என்னால் ஏற்க முடியவில்லை. கேள்வி கேட்காத கீழ்ப்படிதல், போப்பின் மேலதிகாரம், சமூக ஒழுங்கின் தூணாகத் தூக்கிலிடுபவன்! கொடுங்கோலனிடமிருந்து குடிமக்களைக் காக்க இதில் வழியே இல்லை. பழையது என்பதாலேயே அநீதி நியாயமாகிவிடாது. நோயைக் கண்டறிந்ததற்காக அவரைப் படியுங்கள், மருந்தை ஏற்காதீர்கள்.

அவர் பழிவாங்கும் கலகத்தை விரும்பினார் என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்ப்புரட்சி என்பது எதிர்த்திசையில் நடக்கும் இன்னொரு புரட்சி அல்ல, புரட்சிக்கு நேர்மாறானது என்றே 1797-இல் அவர் எழுதினார்.