தமாலே பை: கொத்துக்கறியும் மக்காச்சோள ரொட்டியும் சேர்ந்த ஒரு டெக்சாஸ் சமையல் – கேள்வி பதில்

டெக்சாஸ் மாநிலத்து வீடுகளில் வாரநாள் இரவுச் சாப்பாட்டுக்குச் செய்யப்படும் தமாலே பை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மாட்டுக் கொத்துக்கறியைத் தக்காளி, குடைமிளகாய், மசாலாவுடன் சுண்டவைத்து, அதன் மேல் மக்காச்சோள மாவுக் கரைசலை ஊற்றி ஓவனில் சுட்டெடுப்பதுதான் இந்த உணவு. சான் அன்டோனியோவுக்குக் குடிவந்த புதிதில் நான் இதை மூன்று முறை கெடுத்திருக்கிறேன். மூன்று முறையும் கைப்பக்குவத்தில் குறை இருக்கவில்லை. கடையில் வாங்கிய பொட்டலத்தின் பெயரை நம் ஊர் வழக்கப்படி புரிந்துகொண்டதே காரணம். வந்திருக்கும் கேள்விகளில் பாதி அதே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன.

கேள்வி: இது மெக்சிகோ உணவா, அமெரிக்க உணவா? தமாலே என்ற பெயர் ஏன் வந்தது?

பெயர் மெக்சிகோவுடையது, உணவு அமெரிக்காவுடையது. தமாலே என்பது மக்காச்சோள மாவுக்குள் இறைச்சியை வைத்து, சோளக்கதிரின் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைக்கும், மெக்சிகோ வட்டாரத்தின் பழங்காலப் பண்டம். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலின் ‘தமல்லி’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். பத்துப் பேர் உட்கார்ந்து நாள் முழுவதும் சுற்ற வேண்டிய வேலை அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் அந்தச் சுற்றும் வேலையை விட்டுவிட்டு, அதே மாவையும் இறைச்சியையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கிச் சுடத் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் 1917ஆம் ஆண்டு அமெரிக்கா இறங்கியபோது, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் அமைந்த உணவு நிர்வாகத் துறை கோதுமையைச் சேமிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. மக்காச்சோள மாவைக் கொண்டு செய்யும் உணவுகளுக்கு அது பெரிய ஊக்கமாக அமைந்தது. அந்தக் காலத்துத் தமாலே பையின் மேல்மூடி களிபோலக் கிண்டிய மாவு. இன்று பலரும் ஊற்றுவது, பொங்கி எழும் கார்ன் பிரெட் கரைசல். நான் இரண்டாவது கட்சி.

கேள்வி: அளவுகளைச் சொல்லுங்கள், அம்மா.

10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டிக்கு, ஆறு பேர் சாப்பிடும் அளவு இது. உள்ளீட்டுக்கு: மாட்டுக் கொத்துக்கறி 500 கிராம், பெரிய வெங்காயம் 1, பச்சைக் குடைமிளகாய் 1, பூண்டு 4 பல், அமெரிக்கச் சில்லி பவுடர் 2 மேஜைக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, ஆரிகானோ அரைத் தேக்கரண்டி, நசுக்கிய தக்காளி 400 கிராம், உதிர்த்த மக்காச்சோளம் 1 கப், உப்பு 1 தேக்கரண்டி, துருவிய செடார் சீஸ் 100 கிராம்.

மேல்மூடிக்கு: மக்காச்சோள மாவு (கார்ன்மீல்) முக்கால் கப், மைதா அரைக் கப், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கெட்டி மோர் முக்கால் கப், முட்டை 1, உருக்கிய வெண்ணெய் 3 மேஜைக்கரண்டி.

கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயம், குடைமிளகாய், பூண்டு சேர்த்து வதக்கி, மசாலாத் தூள்களை ஒரு நிமிடம் எண்ணெயில் புரட்டி, தக்காளியும் சோளமும் உப்பும் போட்டுச் சுண்டவையுங்கள். பிறகு பாதிச் சீஸை உள்ளே கலந்து, மீதியைக் கரைசலில் சேர்த்து, மேலே ஊற்றி, 200 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். கறுப்பு ஆலிவ் காய்களைச் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதன் உப்புச்சுவை இங்கே பிடிப்பதில்லை.

கேள்வி: அமெரிக்கச் சமையல் குறிப்பில் இருந்தபடி இரண்டு மேஜைக்கரண்டி மிளகாய்த்தூள் போட்டேன். வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. அமெரிக்கர்கள் இவ்வளவு காரமா சாப்பிடுகிறார்கள்?

இல்லை. நீங்கள் போட்டது மிளகாய். குறிப்பு கேட்டது மசாலாக் கலவை. அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று எழுதியிருக்கும் புட்டியில் காரம் குறைந்த மிளகாயுடன் சீரகம், ஆரிகானோ, பூண்டுத்தூள் ஆகியவை ஏற்கெனவே கலந்திருக்கும். சில்லி என்னும் டெக்சாஸ் இறைச்சிக் குழம்புக்காகவே தயாரித்த பொடி என்பதால் அதற்கு அந்தப் பெயர்; நம் ஊரில் சாம்பாருக்கான பொடியைச் சாம்பார் பொடி என்று சொல்வதைப் போல. 1890களில் டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் இருந்த வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி இதைப் பொட்டலமாக்கி விற்றுப் பரப்பியவர்களில் முக்கியமானவர். கலவை கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 மேஜைக்கரண்டி, சீரகத்தூள் 2 தேக்கரண்டி, ஆரிகானோ 1 தேக்கரண்டி, பூண்டுத்தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுக்கு அது போதும். குண்டூர் மிளகாய்த்தூளை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: மேல்மூடி வெந்த பிறகு ரொட்டியாக வராமல் பசைபோல வழவழப்பாக இருந்தது. கார்ன் ஃப்ளோர்தான் போட்டேன். என்ன தவறு?

இந்தியக் கடைகளில் கார்ன் ஃப்ளோர் என்று விற்பது, சூப்பைக் கெட்டியாக்கப் பயன்படும் வெள்ளை மாவுச்சத்து. அதே பொருளுக்கு அமெரிக்காவில் கார்ன் ஸ்டார்ச் என்று பெயர். மாவுச்சத்தை மட்டும் நீரில் கரைத்துச் சூடாக்கினால் பசைதான் கிடைக்கும். ரொட்டி கிடைக்க வழியே இல்லை. உங்களுக்கு வேண்டியது கார்ன்மீல், அதாவது காய்ந்த மக்காச்சோளத்தை ரவையைவிடச் சற்று நைசாக உடைத்தது. விரலால் தேய்த்தால் மணல்போல நெருட வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் வட இந்தியப் பொருள்கள் விற்கும் கடையில் மக்கி ஆட்டாவும் மக்காச்சோள ரவையும் வாங்கிச் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ அந்தப் பதம் வரும். ரவை கலந்த கரைசலைப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஊற்றுங்கள். இல்லாவிட்டால் பல்லில் நறநறக்கும்.

கேள்வி: மோர் ஊற்றியதும் கரைசல் தண்ணீராக ஓடிவிட்டது.

அமெரிக்கர்கள் பட்டர்மில்க் என்று விற்பது புளிக்கவைத்த கெட்டியான பால். நாம் கோடையில் குடிக்கும் நீர்மோருக்கும் அதற்கும் உறவு தூரம். அரைக் கப் கெட்டித் தயிரில் கால் கப் தண்ணீர் விட்டுக் கடைந்தால் சரியான பதம் கிடைக்கும். லேசாகப் புளித்த தயிராக இருப்பது நல்லது. அந்தப் புளிப்பில்தான் சமையல் சோடா வினைபுரிந்து நுரைக்கிறது. கரைசல் இட்லி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக, கரண்டியிலிருந்து கட்டியாக விழ வேண்டும்.

கேள்வி: மேலே பொன்னிறமாகச் சிவந்துவிடுகிறது. வெட்டிப் பார்த்தால் ரொட்டியின் அடிப்பாகம் கறிக்கு மேலே வேகாமல் கூழாக நிற்கிறது. இன்னும் பத்து நிமிடம் வைத்தால் மேல்பாகம் கருகுகிறது. நான்கு முறை முயன்றுவிட்டேன்.

இந்த உணவின் மொத்தச் சூட்சுமமும் உங்கள் கேள்விக்குள் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சாதாரணக் கார்ன் பிரெட்டைச் செய்யும்போது கரைசல், சூடான இரும்புச் சட்டியின் அடியைத் தொட்டவுடன் கீழிருந்தும் வேகத் தொடங்குகிறது. தமாலே பையில் கரைசலுக்கு அடியில் இரும்பு இல்லை, ஈரமான கறி இருக்கிறது. கறி ஆறிப்போயிருந்தால் ஓவனின் சூட்டில் பெரும்பகுதி முதலில் அதைச் சூடாக்கவே செலவாகும். அதற்குள் மேல்பாகம் சிவந்து முடிந்துவிடும், நடுவில் இருக்கும் கரைசலோ கறியின் நீரை உறிஞ்சிக்கொண்டு கூழாகவே நிற்கும். ஆகவே கறி கொதித்துக்கொண்டிருக்கும்போதே, அடுப்பிலிருந்து இறக்கிய அந்த நிமிடத்திலேயே கரைசலை ஊற்ற வேண்டும். கொதிக்கும் கறியின் சூடு கரைசலின் அடியை உடனே இறுகவைத்துவிடும். ஓவனை முன்பே சூடாக்கி வைப்பதும், கரைசலுக்கான உலர் பொருள்களையும் ஈரப் பொருள்களையும் தனித்தனியே தயாராக வைத்துக் கடைசியில் கலப்பதும் இதற்காகத்தான்.

இரண்டாவது, கறியில் நீர் நிற்கக் கூடாது. தக்காளி சேர்த்த பிறகு 12 முதல் 15 நிமிடம் மூடாமல் சுண்டவிட்டு, சட்டியின் நடுவில் மரக்கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே நிரம்பினால் இன்னும் நேரமாகவில்லை. இரண்டு மூன்று நொடி திறந்தே நின்றால் போதும். அதற்கு மேலும் வறட்டிவிடாதீர்கள், சாப்பிடும்போது விக்கும்.

மூன்றாவது, கரைசலின் கனம் 2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ரொட்டி பிடிக்கும் என்பதற்காக அளவை இரட்டிப்பாக்குபவர்கள், மீதியைத் தனிக் கிண்ணங்களில் ஊற்றிச் சுட்டுக்கொள்ளலாம். வெந்ததா என்று பார்க்கக் குச்சியை ரொட்டியின் பாதி ஆழம் வரை மட்டும் செருகாமல், கறியைத் தொடும் வரை செருகிச் சாய்த்து எடுங்கள். குச்சியில் சிவப்புக் குழம்பு ஒட்டலாம், மஞ்சள் மாவு ஒட்டக் கூடாது.

கேள்வி: கொத்துக்கறி சிவக்காமல் சாம்பல் நிறத்தில் தண்ணீர் விட்டு வெந்துபோகிறது. எந்தக் கொழுப்பு விகிதத்தில் வாங்க வேண்டும்?

85க்கு 15 (85 பங்கு கறி, 15 பங்கு கொழுப்பு) என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 80க்கு 20 என்றால் சுவை கூடும். ஆனால் வறுத்தபின் கொழுப்பை வடித்து ஒரு மேஜைக்கரண்டி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டியின் அடி எண்ணெயில் ஊறும். சிவக்காததற்குக் காரணம், சட்டி போதிய சூடாகும் முன்பே கறியைப் போட்டு, போட்டதும் கிளறத் தொடங்குவது. சட்டியை நன்றாகக் காயவைத்து, கறியைப் பரப்பி, மூன்று நான்கு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். அடிப்பக்கம் முறுகிய பிறகே உடைத்துப் புரட்ட வேண்டும். கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு மேஜைக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கறியில் பிசறிப் பதினைந்து நிமிடம் வைத்தால் கறி நீர்விடுவது குறையும், சீக்கிரமும் சிவக்கும். அதற்கு மேல் சோடா போட்டால் சவர்க்கார வாடை வரும்.

கொத்துக்கறியில் மட்டும் பாதி வேக்காடு கூடாது. முழுத்துண்டில் கிருமி வெளிப்பரப்பில்தான் இருக்கும்; கொத்தும்போது அது உள்ளே எங்கும் கலந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை இதற்கு 71 டிகிரி செல்சியஸ் உள்சூட்டை வரையறுத்திருக்கிறது. சுண்டவைக்கும்போதே நாம் அதைத் தாண்டிவிடுகிறோம்.

கேள்வி: பீன்ஸ் போடலாமா? டெக்சாஸ்காரர்கள் கோபித்துக்கொள்வார்களாமே!

அந்தக் கோபம் சில்லிக் குழம்புக்கு உரியது. 1977ஆம் ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றமே சில்லியை மாநில உணவாக அறிவித்தது, அதில் பீன்ஸ் சேர்ப்பது அங்கே பெரிய வம்பு. தமாலே பைக்கு அப்படிப்பட்ட காவலர்கள் இல்லை. வேகவைத்த ஒரு கப் கறுப்பு பீன்ஸ் தாராளமாகச் சேர்க்கலாம்.

கேள்வி: ரொட்டியில் சர்க்கரை?

அமெரிக்காவின் தெற்கில் பலர் போடுவதில்லை, வடக்கில் போடுகிறார்கள். காரமான கறிக்கு மேலே ஒரு தேக்கரண்டி நன்றாகத்தான் இருக்கிறது, கேக்காக்கிவிடாதீர்கள்.

கேள்வி: மெக்சிகோ கடையில் மாசா ஹரினா கிடைக்கிறது. கார்ன்மீலுக்குப் பதில் அதைப் போட்டால் உண்மையான தமாலே சுவை வருமா?

சுவை வரும், ஆனால் பொங்காது. மாசா என்பது மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து, தோலை நீக்கி அரைத்த மாவு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பேதான். அது மாவுக்குத் தனி மணத்தைத் தருவதுடன், சோளத்தில் உடலுக்குக் கிடைக்காதபடி கட்டுண்டிருக்கும் நியாசின் என்னும் பி வைட்டமின் சத்தையும் விடுவிக்கிறது. இந்த முறையைப் பின்பற்றாமல் வெறும் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட, ஜார்ஜியா, தென் கரோலினா போன்ற அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களின் ஏழைகளைத்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாக்ரா நோய் வாட்டியது. அது தொற்றுநோய் அன்று, உணவுக் குறைபாடு என்று அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவினார். கார்ன்மீலில் கால் பங்குக்குப் பதிலாக மாசாவைச் சேர்த்துப் பாருங்கள். மணமும் கிடைக்கும், ரொட்டியும் எழும்பும். முழுவதும் மாசா என்றால் பழைய முறைப்படி களியாகக் கிண்டிப் பரப்ப வேண்டும்.

கேள்வி: செல்ஃப் ரைசிங் என்று எழுதிய கார்ன்மீல் கலவை வாங்கிவிட்டேன். பரவாயில்லையா?

பயன்படுத்தலாம். அதில் மைதாவும் உப்பும் பேக்கிங் பவுடரும் ஏற்கெனவே இருப்பதால், குறிப்பில் உள்ள அந்த மூன்றையும் சமையல் சோடாவையும் விட்டுவிட்டு, கலவையையே ஒன்றேகால் கப் எடுத்துக்கொள்ளுங்கள். மறந்து இரண்டையும் போட்டால் உப்புக் கரிக்கும், பொங்கி நடுவில் அமுங்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை.

ஆட்டுக் கொத்துக்கறி பொருந்தும், ஆனால் அது கொஞ்சம் அதிக நேரம் வேக வேண்டும். அரைக் கப் தண்ணீர் விட்டு மெத்தென்று வேகவைத்த பிறகு சுண்டவையுங்கள். வான்கோழி அல்லது கோழிக் கொத்துக்கறி என்றால் கொழுப்புக் குறைவு, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் கூட்டுங்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வழி உண்டா?

உண்டு, ஆனால் மேல்பாகம் சிவக்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அடி கனமான சட்டியில் கறியைக் கொதிக்கவைத்துக் கரைசலை ஊற்றி, சட்டிக்கு அடியில் ஒரு தோசைக்கல்லை வைத்து, மிகச் சிறிய தீயில் மூடி 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். தோசைக்கல் இல்லாமல் வைத்தால் கறி அடிப்பிடிக்கும். மூடியில் கோக்கும் ஆவிநீர் ரொட்டியில் சொட்டாமல் இருக்க, மூடியை ஒரு பருத்தித் துணியால் கட்டி, துணியின் முனைகளை மேலே முடிந்துகொள்ளுங்கள். அவை தீயின் பக்கம் தொங்கக் கூடாது.

கேள்வி: முன்னதாகவே செய்து வைக்கலாமா? மிஞ்சினால் எத்தனை நாள் தாங்கும்?

கறியை மட்டும் முன்னதாகச் செய்து, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாளோ, உறையவைத்து மூன்று மாதமோ வைக்கலாம். கரைசலைக் கலந்து வைக்கக் கூடாது. சோடாவின் நுரை அடங்கிவிடும். எடுத்துச் செய்யும் நாளில் கறியை மீண்டும் கொதிக்கவைத்த பிறகே கரைசலை ஊற்ற வேண்டும், குளிர்ந்த கறியின் மேல் ஊற்றினால் முன்னே சொன்ன கூழ்தான். சுட்டது மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். மைக்ரோவேவில் ரொட்டி துவண்டுபோகும். ஒரு துண்டை எடுத்துத் தோசைக்கல்லில் கறிப்பக்கம் கீழாக வைத்து மூடினால் அடி முறுகிவரும். மறுநாள் காலையில் என் வீட்டில் நடப்பது அதுதான், சட்டியில் மிஞ்சியிருந்தால்.

கேள்வி: சுட்டு எடுத்ததும் வெட்டினால் சரிகிறதே?

பத்து நிமிடம் பொறுங்கள். கறி இறுகிவிடும்.